ஸ்பீக்கர் பெட்டிக்கு மாதம் 147 ரூபாய் 50 காசு: கட்டணமில்லாத யுபிஐக்கு நான் எதற்குப் பணம் கொடுக்கிறேன்?

கடலைமிட்டாய் (கோவில்பட்டி)

வணக்கம். அப்பா காலத்து மளிகைக்கடை எங்களுடையது. யுபிஐயில் வந்த தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. நேற்று இரவு கணக்கு எழுதும்போதுதான் கவனித்தேன். மாத வாடகை 125, அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 147 ரூபாய் 50 காசு. நான் யாரிடமும் எடுத்துக் கொடுத்ததில்லை. வியாபாரப் பணத்திலேயே கழித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புகிறார்கள். பெட்டியை வைத்துவிட்டுப் போன பையன், "முதல் மூன்று மாதம் இலவசம் அண்ணாச்சி" என்றது நினைவிருக்கிறது. நான்காவது மாதத்தைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் இன்னொரு கூத்து. ஒருவர் வளைகாப்புக்கென்று 3,400 ரூபாய்க்குச் சாமான் வாங்கினார். ஸ்கேன் செய்தார், பெட்டியும் 3,400 என்றுதான் சொன்னது. மறுநாள் கணக்கில் அறுபது எழுபது ரூபாய் குறைகிறது. உதவி எண்ணை அழைத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பாட்டுப் போட்டு, கடைசியில் தானாகவே துண்டித்துவிட்டது.

யுபிஐக்குக் கட்டணமே கிடையாது என்று அரசாங்கமே சொல்கிறது. அப்படியிருக்க இது என்ன கணக்கு? பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? ஒரு எண்ணெய் பாக்கெட்டில் எனக்கு நிற்பது மூன்று ரூபாய். அந்த 147க்கு நான் ஐம்பது பாக்கெட் விற்க வேண்டும்.

---

பாத்திரக்கடை

என்னுடையதிலும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். பதில் கிடைத்தால் எனக்கும் பயன்படும்.

---

நள்ளிரவு நிரலர்

அண்ணாச்சி, பணப் பரிவர்த்தனை மென்பொருள் எழுதுவதுதான் எனக்கு வேலை. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

முதலில் அந்த 3,400. அவர் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பியிருக்க மாட்டார். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைத்து ஸ்கேன் செய்திருப்பார். 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி இதற்கு அனுமதி கொடுத்தது. சிறு கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை பிடித்தம் கிடையாது. அதைத் தாண்டினால் கிரெடிட் கார்டுக்கு உரிய கமிஷன் உண்டு, சுமார் இரண்டு சதவீதம். உங்கள் கணக்கும் ஒத்துப்போகிறது. அதே க்யூஆர் அட்டை, அதே ஸ்கேன், அதே சத்தம். கடைக்காரருக்கு வித்தியாசம் தெரிய வழியே வைக்கவில்லை. இந்த இடத்தில் உங்கள் கோபம் நியாயமானது. செயலியின் அமைப்புகளில் கிரெடிட் கார்டு வழியாகப் பணம் பெறுவதை நிறுத்திவைக்கும் வசதி சிலவற்றில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

வாடகை வேறு சங்கதி. "கட்டணமில்லை" என்பது பணம் கைமாறுவதற்கு மட்டும். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்.டி.ஆர் பூஜ்யம் என்று சட்டமாக்கிவிட்டார்கள். எம்.டி.ஆர் என்றால் கடைக்காரரிடமிருந்து வங்கி பிடித்துக்கொள்ளும் கமிஷன். பெட்டி அதில் சேராது. அது ஒரு சின்ன போன் மாதிரிதான்: உள்ளே சிம், பேட்டரி, ஒலிபெருக்கி. அந்த சிம்முக்கு மாதாமாதம் யாரோ பணம் கட்டியாக வேண்டும்.

ஒரு ஸ்கேனுக்குப் பின்னால் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரின் செயலி, அந்தச் செயலிக்குப் பின்னால் நிற்கும் வங்கி, நடுவில் யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், பணம் கழியும் வங்கி, பணம் சேரும் உங்கள் வங்கி. ஐந்து வீட்டுக் கதவைத் தட்டி, பதில் வாங்கிக்கொண்டு திரும்பிய பிறகுதான் பெட்டி வாயைத் திறக்கும். ஐந்து வீட்டிலும் மின்சாரம், இயந்திரம், ஆள் சம்பளம் எல்லாம் உண்டு. உங்களிடம் மட்டும்தான் யாரும் கேட்பதில்லை.

---

ஓய்வுபெற்ற காசாளர்

தம்பி நிரலர் கடைசி வரியில் ஒரு கொக்கி போடுகிறார். "உங்களிடம் மட்டும்தான் யாரும் கேட்பதில்லை" என்றால் இனி கேட்கலாம் என்று அர்த்தமா?

முப்பத்திரண்டு வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். 2016 நவம்பர் 8க்குப் பிறகு வந்த வாரங்களில் எங்கள் கிளை வாசலில் நின்ற வரிசையை இன்னும் கனவில் பார்க்கிறேன். யுபிஐ அதே ஆண்டு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த வரிசையில் நின்ற ஒருவருக்கும் அதன் பெயர் தெரியாது. அதற்கப்புறம் கடை கடையாகப் போய், "கட்டணமே இல்லை, மாட்டுங்கள்" என்று சொல்லித்தான் அந்த அட்டைகளைத் தொங்கவிட்டார்கள். பழக்கிவிட்டுப் பிறகு விலை வைப்பது எந்த ஊர் நியாயம்?

---

நள்ளிரவு நிரலர்

ஐயா, கட்டணம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செலவு இருக்கிறது என்றேன்.

---

ஓய்வுபெற்ற காசாளர்

செலவு இருக்கட்டுமே. ரூபாய் நோட்டு அச்சடிக்கச் செலவில்லையா? 2024-25இல் மட்டும் ரிசர்வ் வங்கி அதற்குச் செலவிட்டது 6,372 கோடி. அதைப் பெட்டியில் ஏற்றி, துப்பாக்கிக் காவலோடு வண்டியில் கொண்டுவந்து, எண்ணி, கிழிந்ததைப் பொறுக்கி எரிப்பது தனி. நூறு ரூபாய் நோட்டை நீட்டும்போது அச்சுக்கூலி இருபது காசு கொடு என்று எந்தக் கடையிலாவது கேட்டதுண்டா? நோட்டு அரசாங்கத்தின் பொறுப்பு என்றால், நோட்டுக்குப் பதிலாக வந்ததும் அரசாங்கத்தின் பொறுப்புதான்.

---

பாத்திரக்கடை

அப்படிக் கேளுங்கள் ஐயா!

---

நள்ளிரவு நிரலர்

நல்ல வாதம். ஆனால் ஒரு நோட்டை ஒரு தடவை அச்சடித்தால் பல வருடம் கைமாறும். யுபிஐயில் ஒவ்வொரு தட்டலுக்கும் புதிதாகச் செலவு. 2024-25இல் நடந்தவை சுமார் 18,500 கோடி பரிவர்த்தனைகள். சிறு கடைகளில் 2,000 ரூபாய்க்கு உட்பட்டவற்றுக்கு 0.15 சதவீதம் ஊக்கத்தொகை என்று மத்திய அரசு அந்த ஆண்டுக்கு ஒதுக்கியது 1,500 கோடி. அதை வங்கிகளும் செயலிகளும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பற்றாக்குறை எங்கே தெரியும் என்றால், விழும்போது தெரியும். 2025 ஏப்ரல் 12ஆம் தேதி யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது நினைவிருக்கிறதா? சில வங்கிகள் "அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று" என்று பழைய கணக்குகளைப் பற்றி ஓயாமல் கேள்வி அனுப்பி, நடுவில் இருந்த அமைப்பை மூச்சுத் திணற வைத்தன. அந்த வருடம் ஆகஸ்ட் முதல் கட்டுப்பாடுகள் வந்தது அதனால்தான். நாம் இருப்புத்தொகை பார்ப்பதைக்கூட ஒரு செயலிக்கு நாளொன்றுக்கு 50 தடவை என்று வரையறுத்தார்கள்.

(ஐம்பது தடவை இருப்பைப் பார்க்கும் மனிதர் யார் என்று அலுவலகத்தில் சிரித்தோம். சம்பள நாளுக்கு முந்தின தினம் என் போனைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.)

---

ஓய்வுபெற்ற காசாளர்

அதே 2024-25க்கு ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்குக் கொடுத்த உபரி 2,68,590 கோடி. அதில் 1,500 கோடி யானை வாயிலிருந்து சிந்தும் கவளம். தம்பி கணக்கில் கெட்டிக்காரர், இதற்குச் சதவீதம் போட்டுச் சொல்லட்டும்.

---

நள்ளிரவு நிரலர்

0.56. போட்டுவிட்டேன். ஆனாலும் அரசு கொடுக்கிறது என்றால் வரி கட்டுகிற எல்லோரும் கொடுக்கிறார்கள் என்றுதானே பொருள்? ஸ்மார்ட்போனே இல்லாமல் உப்புக்கும் தீப்பெட்டிக்கும் காசாகக் கொடுக்கும் பாட்டியும் அதில் சேர்த்தி. பிரேசிலில் பிக்ஸ் என்று இதே மாதிரி ஒன்று இருக்கிறது. மத்திய வங்கியே 2020 நவம்பரில் தொடங்கியது. அங்கே தனி ஆளுக்குக் கட்டணமில்லை, வியாபாரிகளிடம் வங்கி கட்டணம் வாங்கலாம். கென்யாவில் 2007லிருந்து ஓடும் எம்-பெசாவில் பணம் அனுப்புபவரே கட்டணம் கொடுக்கிறார். இரண்டும் செத்துப்போய்விடவில்லை. பெரிய கடைகளிடம் மட்டும் சிறு கமிஷன் வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

---

ஓய்வுபெற்ற காசாளர்

பெரிய கடையில் தொடங்குவார்கள். அப்புறம் "பெரிய" என்ற சொல்லுக்கு அர்த்தம் வருடாவருடம் சின்னதாகிக்கொண்டே வரும். இதெல்லாம் சம்பளத்துக்குப் பேசுகிறவர்களுக்குப் புரியாது.

---

மட்டுறுத்துநர்

கடைசி வாக்கியம் வேண்டாமே ஐயா. வாதம் நன்றாகப் போகிறது, ஆளை விட்டுவிடுவோம்.

---

ஓய்வுபெற்ற காசாளர்

திரும்பப் பெற்றுக்கொண்டேன். தம்பி மன்னிக்கவும்.

---

சாவகச்சேரியான்

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே லங்காக்யூஆர் இருக்கிறது, கடைக்காரரிடம் சிறு வீதம் கழிக்கிறார்கள். அதனாலேயே எங்கள் சந்தையில் பல கடைக்காரர் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு "காசு இருக்கிறதா" என்று கேட்பார்கள். 2024 பெப்ரவரியில் இந்திய யுபிஐ இங்கேயும் வந்தது; உங்கள் ஊர்ச் சுற்றுலாப் பயணிகள் ஸ்கேன் செய்வதை நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வீதம் எவ்வளவு சிறியது என்பது பிரச்சினையில்லை. கழிக்கிறார்கள் என்று தெரிந்தவுடனேயே மனிதன் காசுக்குத் திரும்பிவிடுகிறான்.

---

கணக்குப்பிள்ளை

கமிஷனை விடுங்கள். கடைக்காரர் யுபிஐயைக் கண்டு பயப்படுவது வேறு காரணத்துக்காக. நான் ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவன், என்னிடம் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: "ஸ்பீக்கர் சொல்வது அதிகாரிக்கும் கேட்குமா?"

கேட்கும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது அதுதான். யுபிஐ வரவை வைத்தே சிறு வியாபாரிகளுக்கு வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம்; அதைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரருக்கு 29 லட்சம் கட்டச் சொல்லி வந்தது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது வேறு விஷயம்.

---

பெங்களூர்வாசி

அந்த வாரம் எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். இளநீர்க்காரர், பேக்கரி, டீக்கடை எங்கும் க்யூஆர் அட்டை மேல் காகிதம் ஒட்டி "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று எழுதிவிட்டார்கள். நான் இரண்டு வருடமாகப் பர்ஸே எடுத்துப்போவதில்லை. டீ குடித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். "நாளைக்குக் கொடுங்கள் சார்" என்றார் கடைக்காரர். கணினிக்கு முந்தின காலத்துக் கடன் நோட்டு ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம், இனிமேல் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று முதலமைச்சரே அறிவித்த பிறகுதான் காகிதங்கள் கிழிந்தன.

---

கணக்குப்பிள்ளை

கடலைமிட்டாய் அண்ணாச்சி, உங்கள் ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு? பொதுவில் சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம். ஆனால் சொந்தக் கணக்கில் மகன் அனுப்பும் பணத்தையும் கடை வரவையும் ஒரே யுபிஐ எண்ணில் வாங்காதீர்கள். நாளைக்கு இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

---

கடலைமிட்டாய்

மறைக்க ஒன்றுமில்லை. மாதம் 2 லட்சத்து 40 ஆயிரம் ஓடும், அதில் ஒன்றரை லட்சம் ஸ்கேன். ஆண்டுக்கு 29 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மகனுக்கு இப்போதுதான் பன்னிரண்டு வயது, அவன் அனுப்பும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் வந்த பிறகு சில்லறைத் தொல்லை போய்விட்டது. முன்பெல்லாம் இரண்டு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுத்து, வாடிக்கையாளரிடம் முறைப்பு வாங்குவேன். இப்போது 37 ரூபாய் என்றால் 37 ரூபாய்தான் வருகிறது. (மிட்டாய் வியாபாரம் படுத்ததும் உண்மை.)

---

நள்ளிரவு நிரலர்

ஒன்றரை லட்சத்துக்கு 147.50 என்றால் 0.1 சதவீதத்துக்கும் கீழே. ரூபாய்க்குப் பத்துப் பைசா அல்ல, நூறு ரூபாய்க்குப் பத்துப் பைசா. இதே தொகை ரூபே அல்லாத டெபிட் கார்டில் வந்திருந்தால், 2018இல் வைத்த உச்சவரம்புப்படி உங்களைப் போன்ற கடைக்கு 0.9 சதவீதம்வரை போகலாம், மாதம் 1,350. பெட்டியின் வாடகை நியாயமானது என்பது என் கட்சி. சொல்லாமல் பிடித்ததுதான் தப்பு.

---

பாத்திரக்கடை

வாடகையோடு போனால் பரவாயில்லையே! எனக்கு அந்தச் செயலியில் தினமும் ஒரு செய்தி: "உங்களுக்கு இரண்டு லட்சம் கடன் தயார்." போன தீபாவளிக்குச் சரக்கு எடுக்க வாங்கினேன். ஒவ்வொரு நாளும் வரவிலிருந்து 780 ரூபாய் கழிந்துவிடும். மழை பெய்து கடை ஈ ஓட்டிய நாளிலும் வந்த நானூறையும் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் அப்பா காலத்தில் தண்டல்காரர் சைக்கிளில் வருவார். கையில் 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவார். கொள்ளை வட்டிதான். ஆனால் "இன்றைக்கு வியாபாரம் இல்லை, நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் டீ குடித்துவிட்டுப் போவார். இந்தத் தண்டல்காரர் பெட்டிக்குள்ளேயே குடியிருக்கிறார். டீயும் குடிப்பதில்லை.

---

நள்ளிரவு நிரலர்

நீங்கள் சொன்னதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை, பாத்திரக்கடை அண்ணாச்சி. பணம் கைமாறுவதில் வருமானம் இல்லை என்று ஆனதும் நிறுவனங்கள் எங்கே போகும்? 2018இல் தொடங்கிய பாரத்பே எல்லாச் செயலிக்கும் ஒரே க்யூஆர் என்று இலவசமாகக் கொடுத்தது. வருமானத்தை வியாபாரிக் கடனில் தேடியது. மற்றவர்களும் அதே பாதைக்கு வந்தார்கள். பெட்டி கத்தும் ஒவ்வொரு தொகையும் ஒரு குறிப்பு. எந்த நேரத்தில் விற்கிறது, மாதக் கடைசியில் எவ்வளவு இறங்குகிறது, விடுமுறை விடுகிறீர்களா, எல்லாம் தெரிந்துவிடும். அடகு வைக்க ஒன்றுமில்லாத கடைக்கும் தைரியமாகக் கடன் கொடுக்க முடிவது இதனால்தான். வங்கி வாசலில் ஆறு மாதம் நடந்தும் கிடைக்காத கடன் என்பதையும் மறக்க வேண்டாம்.

---

ஓய்வுபெற்ற காசாளர்

அந்தக் கடைசி வரி எங்கள் மேல் விழுந்த அடி. ஒப்புக்கொள்கிறேன். நானே எத்தனையோ பேரை "அடுத்த வாரம் மேனேஜர் வருவார்" என்று அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் தம்பி, இப்போது நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள் பாருங்கள். கடையின் நாடித்துடிப்பையே எடுத்துக்கொண்டு போகிறவன் 147 ரூபாயும் வாங்குகிறான். நியாயமாகப் பார்த்தால் அவனல்லவா அண்ணாச்சிக்கு மேசை வாடகை கொடுக்க வேண்டும்?

---

நள்ளிரவு நிரலர்

இதற்குப் பதில் இல்லை என்னிடம். நாளைக் காலை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன். வேலை போனால் அண்ணாச்சி கடையில் பொட்டலம் மடிக்க இடம் கிடைக்குமா?

---

வள்ளியூர் வாசகி

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. எங்கள் தெருமுனைக் கடைப் பெட்டி 250 ரூபாயை "இருநூறு ஐம்பது ரூபாய்" என்கிறது. இருநூற்று ஐம்பது என்றல்லவா வர வேண்டும்? காது கூசுகிறது.

---

நள்ளிரவு நிரலர்

அருமையான கேள்வி, இந்தத் திரியில் எனக்குப் பிடித்ததும் இதுதான். அந்தப் பெட்டிகள் பலவற்றில் முழு வாக்கியம் இருக்காது. எண்களைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்து, தொகை வந்ததும் கோத்துச் சொல்லும். ஆங்கிலத்தில் அது சரியாகப் போகும், அங்கே நூறுக்குப் பின்னால் எது வந்தாலும் நூறின் உருவம் மாறாது. தமிழில் நூறு தனியே நின்றால் நூறு, பின்னால் ஆள் வந்தால் நூற்று. ஆயிரமும் அப்படித்தான், ஆயிரத்து ஆகிவிடும். எண்பதிலிருந்து எண்பத்து. தொண்ணூறு என்று கேட்டுப் பழகியவன் அதே போக்கில் தொள்ளாயிரத்தை ஊகிக்கவே முடியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு உருவம் பதிவுசெய்திருந்தால் தீர்ந்தது. ஆனால் பதிவு நடந்த அறையில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டுமே.

---

கடலைமிட்டாய்

(மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதை எடுத்துப்போக ஆள் வருவதற்கு ஒன்பது நாள், நான்கு தொலைபேசி அழைப்பு. வைக்க வரும்போது மட்டும் அரை மணி நேரத்தில் வந்தார்கள்.

மதியம் நான் சாப்பிடப் போனால் அம்மாதான் கல்லாவில் உட்காருவார். எழுபத்தொரு வயது, கண்ணில் புரை. பெட்டி இருந்தவரை காதாலேயே வியாபாரம் பார்த்துவிட்டார். பெட்டி போன இரண்டாம் நாள் ஒரு பையன் 620 ரூபாய்க்குச் சாமான் எடுத்துக்கொண்டு போனைக் காட்டியிருக்கிறான்: பச்சை நிறம், டிக் குறி, தொகை, எங்கள் கடைப் பெயர். அம்மா தலையாட்டிவிட்டார். பணம் வரவேயில்லை. அப்படிப் போலித் திரை காட்டுவதற்கென்றே செயலி இருக்கிறதாம். நான்கு மாத வாடகை ஒரே மதியத்தில் போனது. அம்மா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

கடைக்கென்று நடப்புக் கணக்கு திறந்தேன், கணக்குப்பிள்ளை சொன்னபடி. அந்த வங்கியே பெட்டி கொடுத்தது. இருப்பு குறையாமல் வைத்திருந்தால் வாடகை இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை நான்காவது மாதத்தைப் பற்றியும் கேட்டேன். கிரெடிட் கார்டு வரவையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

வள்ளியூர் வாசகிக்கு ஒரு செய்தி. புதுப் பெட்டியும் பள்ளிக்கூடம் போகாததுதான். "நூறு இருபது ரூபாய்" என்கிறது. அம்மா ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்து, "நூற்றிருபது" என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கட்டுகிறார்.